குடிவழி தேடல் (புளியங்குடி வட்டாரம்)

குடிவழி தேடல் என்பது ஒரு குடும்பத்தின் முன்னோர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், இன்றைக்கு யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்பதைப் பேச்சு வழக்கு, கோயில் வழக்கம், சுவடி, பத்திரம் ஆகியவற்றைக் கொண்டு கண்டறிவது. தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி, மதுரை–தென்காசிச் சாலையில் இருக்கும் புளியங்குடியும் அதைச் சுற்றியுள்ள சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல், சிவகிரி, சொக்கம்பட்டி, ஊத்துமலை ஆகிய ஊர்களும் இந்தத் தேடலுக்கு வளமான களம். மறவர் பாளையங்கள் நெருங்கி இருந்த நிலம் இது. எலுமிச்சை மூட்டையோடு வெளியூர் போனவர்கள், தறியை விட்டுக் கப்பல் ஏறியவர்கள், தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் என்று பலரும் இந்த வட்டாரத்திலிருந்து கிளம்பியிருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது திரும்பி வந்து விசாரிக்கிறார்கள்.

குலப்பெயர் இல்லாத ஊர்

உலகில் குடிவழி தேடுவோர்க்கு எளிதான நாடு எது என்று கேட்டால் ஸ்காட்லாந்து என்றே பலரும் சொல்வார்கள். அங்கே பெயரின் பின்பாதியே குலத்தைச் சொல்லிவிடும். மெக்கன்சி என்றால் கென்னத்தின் மகன் வழி வந்தவன். குலத்தைக் குறிக்கும் ‘கிளான்’ என்ற சொல்லுக்கு அவர்களுடைய கேலிக் மொழியில் பிள்ளைகள் என்றே பொருள். ஊர்த் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் 1553 முதல் கிடைக்கின்றன. 1855 முதல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு கட்டாயம். இறப்புப் பதிவில் இறந்தவருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் எழுதப்படும். மக்கள்தொகைக் கணக்கின் குடும்பத் தாள்கள் நூறு ஆண்டு கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன.

புளியங்குடியில் இவ்வளவு வசதி இல்லை. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கும்; அது தகப்பன் பெயரின் முதலெழுத்து. மகன் பெயருக்கு முன்னால் வேறோர் எழுத்து வந்துவிடும். இரண்டு தலைமுறை தாண்டினால் காகிதத்தில் பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இந்தியக் கணக்கெடுப்பின் குடும்பவாரித் தாள்கள் யார் பார்வைக்கும் வருவதில்லை. பழைய பிறப்புப் பதிவேட்டைத் திறந்தால் பல இடங்களில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ‘ஆண்’, ‘பெண்’ என்பதோடு சரி. பெயர் சூட்டுவதற்கு முன்பே பதிவு முடிந்திருக்கும்.

ஆனால் பெயர் வைக்கும் முறையில் இரண்டு நாட்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்பது ஸ்காட்லாந்திலும் பழைய வழக்கம், இங்கேயும் பழைய வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். இதனால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். 1890-இல் பத்திரம் எழுதிக்கொடுத்த சங்கரபாண்டியனையும் 1940-இல் அதே நிலத்துக்கு வழக்காடிய சங்கரபாண்டியனையும் ஒரே ஆளாக நினைத்து ஏமாறுவது புதிதாகத் தேடத் தொடங்குவோர் எல்லாரும் செய்கிற பிழை.

பெயர்கள் வேறு விதத்தில் உதவும். கோமதி, கோமதிநாயகம், சங்கரநாராயணன் என்று ஒரு வீட்டில் பெயர்கள் அடுக்கி வந்தால் அவர்கள் மும்பையில் இருந்தாலும் சங்கரன்கோவில் பக்கத்தார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கோமதியம்மன் ஆடித் தபசு இருக்கும் ஊரின் முத்திரை அது.

கொத்தும் கிளையும்

குலப்பெயர் இல்லை என்றதால் குலம் என்ற அமைப்பே இல்லை என்று பொருளல்ல. தென் மாவட்டங்களில் பரவியுள்ள கொண்டையங்கோட்டை மறவரிடம் ஸ்காட்லாந்துக் குலத்தைவிடக் கறாரான ஓர் அமைப்பு உண்டு. அதைக் கொத்து, கிளை என்பார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார். மிளகு, வெற்றிலை, தென்னை, கமுகு, ஈச்சம், பனை என்று கொத்து ஆறு. ஒவ்வொரு கொத்துக்கும் மூன்று கிளை, ஆகப் பதினெட்டு. அகத்தியர் கிளை, அழகிய பாண்டியன் கிளை, வீரமுடிதாங்கினார் கிளை என்பன அவற்றில் சில. கொத்துகள் எல்லாமே கொடியும் மரமுமாக, காய்த்துப் பழுக்கிற பெயர்கள். ஆவண அறைக்கு வெளியே வளர்ந்த கலைச்சொற்கள் இவை.

இதில் கவனிக்க வேண்டியது, கிளை தாய் வழியாக வருவது. தகப்பன் ஒரு கிளை, தாய் வேறு கிளை. பிள்ளைகள் எல்லாரும் தாயின் கிளை. ஒரே கிளைக்காரர்கள் முன்பின் பார்த்தறியாதவர்களாக இருந்தாலும் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை முறை. பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடியாது. அக்காள் மகன் அக்காளின் கிளை, தம்பி மகள் தம்பி மனைவியின் கிளை. எனவே அத்தை மகனும் மாமன் மகளும் மணந்துகொள்ளத் தடையில்லை. பெண் பார்க்கப் போகும்போது ‘நீங்க என்ன கிளை?’ என்று முதலிலேயே கேட்டுவிடுவது அதனால்தான். அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

ஸ்காட்லாந்துக் குலப்பெயர் தகப்பன் வழியில் ஓடி, ஆண் வாரிசு இல்லாத இடத்தில் முட்டி நிற்கும். மெக்கன்சி குலத் தலைவரான சீஃபோர்த் பிரபுவுக்கு அப்படித்தான் ஆயிற்று. மகன்கள் எல்லாரும் முந்திக்கொள்ள, 1815-இல் அவர் இறந்தபோது சொத்து மகள் மேரிக்குப் போனது. அவளை மணந்த ஸ்டூவர்ட் தன் பெயரோடு மெக்கன்சியையும் சேர்த்துக்கொண்டார். அந்த ஸ்டூவர்ட் மெக்கன்சிதான் 1837 முதல் 1841 வரை இலங்கையின் ஆளுநர். கிளை முறையில் இப்படி ஒரு சங்கடமே கிடையாது. மகள் பிறக்காத வீட்டில் மட்டுந்தான் கிளை அறும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கிளையை யாரும் எழுதிவைப்பதில்லை. பட்டா, பத்திரம், பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் பட்டியல் எதிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. காகிதம் தகப்பன் வழியில் போகிறது, கிளை தாய் வழியில் போகிறது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர் பாதிக் குடும்பத்தோடு வீடு திரும்புவார்.

எல்லாச் சமூகத்திலும் இந்த முறை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தந்தை வழியில் கோத்திரம் எண்ணுவோர், வீட்டுப் பெயராலும் பட்டப்பெயராலும் அறியப்படுவோர், ‘வகையறா’ சொல்வோர் என்று பல முறைகள் பக்கத்துப் பக்கத்துத் தெருவிலேயே வழங்குகின்றன. வகையறா என்ற சொல்லின் கதை சுவையானது. முதலியன, மற்றும் பிறர் என்ற பொருளில் அரபு–பாரசீகத்திலிருந்து வருவாய்த்துறைக் காகிதத்துக்குள் நுழைந்த சொல் அது. பட்டாவில் ஒருவர் பெயரை எழுதி, கூட்டாளிகள் பெயரையெல்லாம் எழுதச் சோம்பி ‘வகையறா’ என்று முடித்தார்கள். இன்று கோயில் கொடை நோட்டீசில் அதுவே குலத்தின் பெயர். கணக்குப்பிள்ளையின் சோம்பலில் பிறந்த குலப்பெயர்!

சாஸ்தாவும் பிடிமண்ணும்

தகப்பன் வழியைக் காட்டும் மிக நம்பகமான குறி குலதெய்வம். திருநெல்வேலி, தென்காசிச் சீமையில் அது பெரும்பாலும் ஒரு சாஸ்தா அல்லது அய்யனார் கோயில். குளத்தங்கரையிலோ வயற்காட்டிலோ ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும். பங்குனி உத்திரத்தன்று அந்த இடத்தில் கார் நிறுத்த இடம் இருக்காது. ‘ஒங்களுக்கு சாஸ்தா எங்க?’ என்பது இந்தப் பக்கத்தில் குலம் விசாரிக்கும் நாகரிகமான வழி. சாதியைக் கேட்காமலே பாதி வரலாற்றை வாங்கிவிடும் கேள்வி அது.

பதில் பல சமயம் வியப்பைத் தரும். மலையடிவாரத்தில் நாலைந்து தலைமுறையாக இருக்கும் குடும்பத்தின் தெய்வம் தூத்துக்குடித் தேரி மணலில் கற்குவேல் அய்யனாராகவோ அருஞ்சுனை காத்த அய்யனாராகவோ இருக்கும். தண்ணீரைத் தேடியோ சண்டைக்குப் பயந்தோ பனங்காட்டிலிருந்து மேற்கே நகர்ந்த குடும்பம் என்று அதிலிருந்து ஊகிக்கலாம். அடிக்கடி அவ்வளவு தூரம் போய்வர முடியாதவர்கள் ஆதிக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துவந்து புதிய ஊரில் பீடம் போட்டுக்கொள்வார்கள். பிடிமண் கோயில் என்பது அதுதான். ஒரு பிடிமண் கோயிலிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று போனால் குடும்பம் நடந்துவந்த வழி வரைபடமாகத் தெரியும். சாஸ்தாவையே தொலைத்துவிட்டவர்கள் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனாரை வணங்கலாம் என்பது நெடுநாள் ஏற்பாடு. அங்கே போய் நிற்கிறவர்களில் எத்தனையோ பேருடைய குடிவழி அதற்கு முந்தைய ஏதோ ஒரு பஞ்சத்திலோ கொள்ளைநோயிலோ அறுந்திருக்கும்.

கோயிலில் பார்க்க வேண்டியது சிலையை அல்ல, வரி நோட்டை. கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. யாருடைய மகன் யார், எவன் எந்த ஊரில் இருக்கிறான், எந்த வருடம் தனிக்குடித்தனம் வந்து புதுத் தலைக்கட்டு ஆனான், யார் எந்தச் சண்டையில் வரியை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் குங்குமக் கறை படிந்த அந்த நீள நோட்டில் இருக்கும். சர்க்கார் பதிவேட்டில் இவ்வளவு விவரம் கிடைக்காது. நோட்டு மாறும்போது பழைய நோட்டை எங்கே போடுகிறார்கள் என்று கேட்டுவைப்பது நல்லது. பெரும்பாலும் பூசாரி வீட்டுப் பரணில் இருக்கும், அல்லது கரையானுக்குப் போயிருக்கும்.

வம்சாவளிச் சுவடிகள்

பாளையக்காரர் குடும்பங்களுக்கு மட்டும் எழுத்தில் வம்சாவளி உண்டு. அதைச் சேர்த்துவைத்தவர் ஓர் அசல் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் லூயிஸ் தீவின் ஸ்டோர்னவே ஊரில் பிறந்த காலின் மெக்கன்சி 1783-இல் சென்னைக்கு வந்தவர். அவருடைய இளமைக்காலப் புரவலர்களில் ஒருவர் சீஃபோர்த் பட்டம் தாங்கிய குலத் தலைவர். நில அளவை அதிகாரியாக ஊர் ஊராகச் சென்ற மெக்கன்சி, காவலி வெங்கட போரய்யா, அவருடைய தம்பி இலட்சுமய்யா முதலிய உதவியாளர்களைக் கொண்டு கல்வெட்டு, நாணயம், ஊர்க் கைபீது, பாளையப்பட்டு வம்சாவளி என்று கிடைத்ததையெல்லாம் எழுதி வாங்கினார். 1815-இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார், 1821-இல் இறந்தார். அவருடைய தமிழ்ச் சுவடிகள் இன்று சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. பாளையப்பட்டுகளின் வம்சாவளிகளில் பல அச்சிலும் வந்துள்ளன.

இந்த வம்சாவளிகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. வடக்கேயிருந்தோ கிழக்கேயிருந்தோ ஒரு முன்னோன் கிளம்பி வருவான். வழியில் புலியையோ கள்ளர் கூட்டத்தையோ அடக்குவான். மதுரை நாயக்கர் கூப்பிட்டுப் பட்டமும் பல்லக்கும் பாளையமும் கொடுப்பார். பிறகு பட்டத்துக்கு வந்தவர்களின் பெயரும் ஆண்ட ஆண்டும் வரிசையாக வரும். நிக்கலஸ் டர்க்ஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு எடுத்துக்காட்டாக ஆராய்ந்தது சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊத்துமலையின் வம்சாவளியைத்தான். முதல் பகுதி கதை, பின்பகுதி கணக்கு என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பது அவருடைய வாதம். எந்த மரியாதையை யாரிடமிருந்து பெற்றோம் என்பதைச் சொல்வதே அந்தக் குடும்பத்துக்கு வரலாறு. ஆனால் குடிவழி தேடுகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது: பாளையங்கள் ஒடுக்கப்பட்டு ஜமீன்களாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், உரிமை நிலைக்குமா போகுமா என்ற கவலையோடு கும்பினி அதிகாரியிடம் எழுதிக்கொடுத்த காகிதம் இது. மனுவில் எழுதுகிற வரலாறு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

நெற்கட்டும்செவல் இதில் வேறு கதை. அதன் பாளையக்காரர் பூலித்தேவர் 1755-இல் கும்பினிக் கர்னல் ஹெரானுக்குக் கப்பம் மறுத்தவர். கும்பினிப் படைத்தளபதி யூசுப்கானோடு ஆண்டுக்கணக்கில் போரிட்டவர். 1767-இல் டொனால்ட் கேம்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடித்ததோடு அந்தப் பாளையத்தின் எதிர்ப்பு முறிந்தது. பூலித்தேவரின் முடிவைப் பற்றி மக்கள் சொல்வது சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் சந்நிதிக்குள் போனவர் சோதியாக மறைந்தார் என்பது. எதிரிகள் எழுதிய போர்க் குறிப்புகளும் ஊராரின் வாய்மொழியுமே அவரைப் பற்றி மிஞ்சியவை. ஆயர் கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றிலும் முதல் வகைச் சான்றே மிகுதி. இத்தகைய பெரிய பெயரோடு தன்னை ஒட்டவைத்துக்கொள்ளும் ஆசை எல்லா நாட்டிலும் உண்டு. ஸ்காட்லாந்திலும் குலத் தலைவனின் பெயரைச் சூடிக்கொண்ட குத்தகைக் குடிகள் ஏராளம். பெயர் ஒன்றானதால் இரத்தம் ஒன்றாகிவிடாது. குலத்துக்கொரு கட்டம் போட்ட துணி என்று இன்று கடையில் விற்கிற அடையாளமும் பெரும்பாலும் 1822-இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்த விழாவுக்குப் பிறகு வகைப்படுத்தியதுதான்.

இந்த வட்டாரத்துக் கிறித்தவரிடையே ஒரு வேடிக்கையைக் காணலாம். கால்டுவெல் என்பது ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர். இங்கே அது பிள்ளைக்கு வைக்கும் பெயர். அங்கே நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்துக் கட்டும் கயிறு, இங்கே ஒருவனுக்கு மட்டும் உரியதாகி, அவன் மகனுக்கு முன்னெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது.

காகிதத்தில்

நிலமிருந்த குடும்பத்துக்குப் பத்திரமே முதல் வாசல். 1860-களில் பதிவுச் சட்டம் வந்த பிறகு எழுதிய கிரயப் பத்திரங்களில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று இருவர் தகப்பன் பெயரும் சாதியும் தொழிலும் இருக்கும். அதைவிடப் பயன்படுவது சக்குபந்தி. நான்கெல்லை சொல்லும்போது கிழக்கே யார் புஞ்சை, வடக்கே யார் கிணறு என்று வரும். அந்தப் பக்கத்துப் புஞ்சைக்காரர் பல சமயம் பாகம் பிரிந்த பங்காளியாக இருப்பார். ஒரு தாய்ப்பத்திரத்தின் நாலு எல்லையையும் பிடித்து நாலு பத்திரம் தேடினால் ஒரு தலைமுறை முழுவதும் அகப்படும்.

ஜமீன் நிலமாக இருந்த ஊர்களில் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அரசின் செட்டில்மெண்ட் பதிவேடு கிடைக்கும். அதற்கு முந்தையது ஜமீன் கச்சேரிக் கணக்கு. வழக்குகளும் சுரங்கம் போன்றவை. பாகப்பிரிவினை வழக்கின் பிராதோடு கொடிவழி வரைந்து இணைப்பார்கள்; எதிர்த்தரப்பு அதை மறுத்து இன்னொன்று வரையும். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே உண்மை தெரியும். ஜமீன் வழக்குகள் லண்டன் வரை போயின. தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் கைக்கு வந்த சிவகிரி ஜமீன் பொறுப்பா என்பதை 1882-இல் பிரிவி கவுன்சில் விசாரித்தது.

மாவட்டம் பலமுறை பிரிந்ததால் காகிதமும் பிரிந்து கிடக்கிறது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22-இல்தான் பிறந்தது. பழையன திருநெல்வேலியிலும், அதைவிடப் பழையன சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கும். ஆங்கிலக் கோப்பில் புளியங்குடியின் எழுத்துக்கூட்டு ஆளுக்கொரு விதமாக இருக்கும். ஓசையை வைத்துத்தான் தேட வேண்டும்.

நிலமில்லாதவர்களுக்கு இந்த வாசல்கள் எல்லாம் பூட்டியவை. பள்ளர், பறையர் குடும்பங்களின் நாலு தலைமுறை உழைப்பு அடுத்தவர் பட்டாவுக்குள் மறைந்து கிடக்கிறது. அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும், பனைவடலிசத்திரம், சுரண்டை போன்ற மிஷன் ஊர்களின் ஞானஸ்நானப் பதிவேடும்தான் கைகொடுக்கும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது. மணமக்களோடு இருபக்கத்துத் தகப்பன் பெயரும் வக்கீல், சாட்சிகளின் பெயரும் அதில் வருவதால் ஒரே பக்கத்தில் இரண்டு குடும்பம் கிடைத்துவிடும்.

கடல் கடந்தவர்கள்

ஊரில் இருந்தவரைவிடக் கப்பலேறியவருக்கே எழுத்துச் சான்று மிகுதி என்பது முரண்தான். சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை அடைந்தது. 1911 வரை அங்கே போன ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். வட ஆர்க்காட்டாரே அதில் மிகுதி. ‘டின்னவெல்லி’ என்று ஜில்லாவைக் கண்டால் இந்தப் பக்கம் தேட வேண்டும். மொரீஷியஸில் மோக்கா நகரின் மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய பதிவேடுகளைப் புகைப்படங்களோடு காத்துவருகிறது. இலங்கைத் தோட்டத்திலிருந்து 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கையால் திரும்பியவர்களுக்குக் குடும்ப அட்டைதான் வம்சாவளி.

பக்கத்துக் கடையநல்லூரின் நெசவாளர் முஸ்லிம்கள் சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு போனவர்கள். மற்ற ஊரார் ஆணை மட்டும் அனுப்பிப் பணத்தை எதிர்பார்த்திருந்த காலத்தில் இது அபூர்வம். 1941-இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கி, 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியையும் நிறுவினார்கள். பெண்களும் கூடவே போனதால் இரண்டு வழி உறவும் அங்கேயே நினைவில் நின்றது. ஆண் மட்டும் போன குடும்பங்களில் பேரனுக்குத் தாத்தாவின் ஊர் தெரியும், பாட்டியின் பிறந்த வீடு தெரியாது.

மொய் நோட்டு

தாய் வழியை எழுத்தில் காட்டும் ஓர் ஏட்டை யாரும் ஆவணமாக மதிப்பதில்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் பந்தல் வாசலில் மேசை போட்டு இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணம் வாங்க, ஒருவர் எழுத. பிள்ளையார் சுழி போட்ட நோட்டில் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக ஏறும். வாசுதேவநல்லூர், சிந்தாமணி, சொக்கம்பட்டி, திருப்பூர், பம்பாய் என்று ஊர்ப்பெயர்களை மட்டும் வாசித்தாலே பெண் கொடுத்த ஊரும் எடுத்த ஊரும் பிழைக்கப் போன ஊரும் தெரிந்துவிடும். செய்த மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால் இருபது வருடம் ஆனாலும் நோட்டைத் தூக்கிப் போடமாட்டார்கள். பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கும்.

முதல் பெயர் பெரும்பாலும் தாய்மாமனுடையது. அவர் வந்து எழுதும்வரை மற்றவர்கள் காத்திருப்பதும் உண்டு. மறவர் வீட்டு நோட்டானால் மாமனும் அக்காள் பிள்ளைகளும் ஒரே கிளை. கிளையின் பெயர் அதில் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள அந்த மாமனின் ஊருக்குப் போய், அவரைப் பெற்றவளிடமோ அவருடைய அக்காள் தங்கையிடமோ கேட்க வேண்டும்.